முழங்கால் உயரக் கறை

மூன்று வண்டி நிற்கிற இடத்தை
நகராட்சி தோண்டிவிட்டது.
அடியில் ஜல்லி, அதன்மேல் ஆற்றுமணல்,
மேலே வெட்டிவேர், கோரை.
காசு கொடுத்து யாராவது கோரை நடுவார்களா?
வயலில் பிடுங்கி எறிகிற சனியன்.

"மழத்தண்ணி இங்க செத்த உக்காந்துட்டுப் போவட்டும்"
என்றார் ஓவர்சியர் மெஹருன்னிசா.

ஐப்பசி அடைமழை.
கூறைநாட்டுக் கடைவீதித் தண்ணீரெல்லாம்
என் பட்டறை வாசலைத் தாண்டித்தான் இறங்கும்:
பால் கவர், வாழைநார், டீத்தூள்,
கூடவே வானவில்லாய் மினுக்கிக்கொண்டு
என் கழிவு ஆயில்.
குளத்துக்குப் போகும் என்பார்கள்.
நான் பார்த்ததில்லை.
மழை வந்தால் ஷட்டரை இறக்கிவிடுவேன்.

இந்த முறை பள்ளத்தில் தயங்கியது.
மறுநாள் மதியம் தண்ணீரைக் காணோம்.
கோரைத் தாள்களில் மட்டும்
முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு வளையம்,
யார் வீட்டு அழுக்கென்று
தெருவே படிக்கிற மாதிரி.

வண்டல் வாரியபோது கிடைத்தது
இருதயராஜைத் திட்டித் தீர்த்தேனே,
அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்,
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

பழைய ஆயிலுக்கு ஒரு டின் வாங்கியிருக்கிறேன்.
மூடி இல்லை.
அதற்கும் அந்தம்மா ஏதாவது சொல்வார்.