பதினைந்தில் ஒரு பங்கு

கால அட்டவணையில் தோட்டத்துக்குக் கட்டம் இல்லை.
ஓவிய ஆசிரியர் மாற்றலாகிப் போனபின்
வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு சும்மா கிடந்தது.
அதை என் தலையில் கட்டினார்கள்.
பேரணாம்பட்டுச் சாலையில் எங்கள் பள்ளி.
சுற்றுச்சுவருக்கும் கழிப்பறைக்கும் நடுவில்
இருபதுக்குப் பதினெட்டு அடி மண்.

ரெண்டடிக்கு ஒரு குழி.
நான் சாக்பீஸ் எடுப்பதற்குள்
தொண்ணூறு என்றாள் ஃபர்ஹானா.
தொண்ணூறிலும் முள்ளுக்கத்தரி நாற்று.

இருபதாம் நாள் எண்பத்துநாலு நின்றது.
செத்த ஆறும் ஒரே மூலையில்.
தண்ணீர் ஊற்றவில்லை என்று விஜயரங்கனைத் திட்டினேன்.
"ஊத்துனேன் டீச்சர். அங்க இன்னாவோ கீது."
மறுபடி நட்டோம்.
மறுபடி அதே ஆறு.

கயிறு கட்டி அளந்தோம்.
ஒரு பக்கம் ஆறடி, ஒரு பக்கம் எட்டு.
குறுக்கே பத்து வரும் பாருங்கள் என்றேன்,
மந்திரவாதி மாதிரி.
பத்தடி இரண்டு அங்குலம் வந்தது.
மூன்று முறை அளந்தார்கள்.
"புத்தகம் சரிதான் டீச்சர், சுவர்தான் கோணல்"
என்றான் கொத்தனார் மகன் அருள்தாஸ்.
அது தன் அப்பா கட்டிய சுவரில்லை என்பதையும்
உடனே சொல்லிவிட்டான்.

கோணலை மன்னித்தால் இருபத்துநாலு சதுர அடி.
முந்நூற்று அறுபதில்,
பதினைந்தில் ஒரு பங்கு.
ஒரு பின்னம் இவ்வளவு பிடிவாதம் பிடித்து
நான் பார்த்ததில்லை.

மஞ்சள் தடவிக் காயவைத்த காகிதத்தில்
அந்த மண்ணைக் கரைத்துச் சொட்டினார்கள்.
ஆரத்தித் தட்டுபோல் சிவந்தது.
மற்ற மூலை மண்ணுக்கு
மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.
"யாரு டீச்சர் இங்க சுண்ணாம்பு கொட்டுனது?"
எனக்குத் தெரியாது.
தெரியாது என்று வகுப்பில் சொல்லி
எத்தனை வருடம் ஆகிறது!

தோண்டினோம்.
முழங்கை ஆழத்தில் செங்கல் வரிசை,
பூச்சில் ஒட்டிய வெள்ளை,
வெள்ளையில் ஆட்டு மயிர்.
அதற்கும் கீழே, பச்சை பூத்த பித்தளை வில்லை ஒன்று.
புளி போட்டுத் தேய்த்தால் 47.

எங்கள் வருகைப் பதிவேடு நாற்பத்தொன்றோடு முடிகிறது.

சமூக அறிவியல் புத்தகத்தில்
வேலூர்க் கோட்டை இருக்கிறது,
அகழி இருக்கிறது, சிப்பாய்கள் இருக்கிறார்கள்.
தோல் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டி இல்லை.
அதில் இடுப்புவரை இறங்கி நின்றவர்கள் இல்லை.

தமயந்தி வில்லையைத் தாவணியில் முடிந்து
வீட்டுக்கு எடுத்துப் போனாள்.
மறுநாள் வந்து சொன்னாள்:
"எங்கப்பா அம்பத்திரண்டாம் டீச்சர்."
நாற்பத்தேழு யாரென்று கேட்டாயா?
"கேட்டேன். சோத்துல கைய கழுவிட்டு
சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போயிட்டாரு.
ராத்திரி ஒம்பது மணிக்கு."

அந்த வாரம் யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை.
எண்பத்துநாலு செடிகளும் அதைக் கண்டுகொள்ளாமல்
ஊதாப் பூ பூத்தன.

ஆய்வுக்கு வந்த அதிகாரி
சத்துணவுக் கூடத்தில் கத்தரிக்காயை நிறுத்துப் பார்த்தார்,
பதினோரு கிலோ முந்நூறு.
மகிழ்ந்தார். பிறகு வெளியே வந்து
மூலையைக் காட்டினார்:
இதை ஏன் காலியாக விட்டீர்கள்?
"காலி இல்ல சார்" என்றாள் ஃபர்ஹானா.
அவர் இன்னொரு தடவை பார்த்தார்.
கையெழுத்துப் போட்டுப் போனார்.

ஒரு திங்கட்கிழமை தமயந்தி
காகிதப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள்.
அப்பா கொடுத்தனுப்பியது. ஆவாரை விதை.
ரசாயனம் வருவதற்கு முன்
ஆவாரம்பட்டையில்தான் தோல் பதம் பண்ணுவார்களாம்.
அதைத் தவிர அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது விதை போட்டோம்.
இரண்டு முளைத்திருக்கிறது.
சதவீதம் யாரும் கேட்கவில்லை, இருந்தாலும்
இருபத்திரண்டு புள்ளி இரண்டு
இரண்டு இரண்டு இரண்டு என்று
நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போகிறான் விஜயரங்கன்,
வாளியோடு, பைப்படிக்கு.