கடைசிக் கூட்டத்தின் குறிப்பு

1988, நவம்பர் பதினைந்து, செவ்வாய்.
மார்த்தாவின் சகோதரிகள், கிளை எண் 63.
இடம்: இரும்புக்கடை மாடி அல்ல,
மாவட்ட மருத்துவமனை, பதினோராம் அறை.
ஐந்து பேர் இருந்தால்தான் கூட்டம்.
ஐந்தாமவள் ஒத்திலியா
இடுப்பெலும்பு முறிந்து இங்கே கிடக்கிறாள்.

கடவுச்சொல்லைக் காதோடு சொல்ல வேண்டும் என்பது விதி.
கோர்டீலியாவுக்கு இரண்டு காதும் அடைப்பு.
கத்தினேன்.
தொண்ணூற்று நான்கு வருட ரகசியம்
தரை துடைக்கும் பையனுக்கும் தெரிந்துபோயிற்று.
நன்றாயிருக்கிறது என்றான்.

சாசனத்தைத் தலைமைச் சங்கத்துக்குத் திருப்பியனுப்பும் முன்
பழைய ஏடுகளை வாசிக்கச் சொன்னார்கள்.
வாசித்தேன்.

1894. நெப்ராஸ்காவின் இந்த மூலையில்
ஊரைவிடச் சேறு பெரிது.
எங்களுக்குக் கூட்டம் நடத்த வராதென்று
ஆண்கள் சங்கம் ஒருவரை அனுப்பிவைத்தது.
மூன்றாம் மாதக் குறிப்பு இப்படி:
"சகோதரர் ஏம்ஸ் உறங்கிவிட்டார்.
சகோதரி லவீனியா சுத்தியலை எடுத்துக்கொண்டார்.
கூட்டம் தொடர்ந்தது."
அந்தச் சுத்தியலை அவர்
அப்புறம் கேட்டதாக எழுதப்படவில்லை.

நோயுற்றவளுக்கு வாரம் இரண்டு டாலர்.
இரவுக் காவலுக்கு முறைவைத்து இருவர்.
சிப்பிச் சூப் விருந்தில் மிச்சம் ஏழு டாலர் நாற்பது.
தட்டு உடைத்தவள் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது,
ஆனாலும் படிக்க முடிகிறது.

1918 அக்டோபருக்குக் குறிப்பே இல்லை.
தாளுக்கிடையில் ஒரு ரசீது மட்டும்:
கற்பூரம், எலுமிச்சை, பலகை,
ஆணி மூன்று பவுண்டு.
நவம்பர் வேறு கையெழுத்தில் தொடங்குகிறது.

1931-ஐ வாசிக்கும்போது குரல் இறங்கிற்று.
ஒத்திலியா, உரக்க, என்றாள்.
எழுதியது என் அம்மா. நேரான, கஞ்சியிட்ட எழுத்து.
"செல்வி ரொசீனா ஹ்ராபல், துணி வெளுப்பவர், விண்ணப்பம்.
பெட்டி சுற்றி வந்தது.
வெள்ளை உருண்டை பதினெட்டு. கறுப்பு ஒன்று.
நிராகரிக்கப்பட்டது."
யார் போட்டதென்று எங்கும் இருக்காது.
அதற்காகத்தானே பெட்டிக்கு மூடி.

அம்மா நிமோனியாவில் கிடந்த பிப்ரவரி,
முறைவைத்த இருவரில் ஒருத்திக்குக் குழந்தை,
மற்றவள் பனியில் மாட்டிக்கொண்டாள்.
சமையலறையில் தண்ணீர் கொதித்தது.
வெந்து வெளுத்த விரல்களால்
துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் ரொசீனா.
ஒன்பது இரவு.
நான் ஆறு வயதுக்காரி, ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.
அம்மா சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தாள்.
காய்ச்சல் விட்டபிறகும்.

1946-ல் விண்ணப்பம் இல்லாமலே
அவளைத் தேர்ந்தெடுத்தோம். இருபத்திரண்டு வெள்ளை.
முன்மொழிந்தது அம்மா.
பதில் ஒரு தபால் அட்டை:
"நன்றி. செவ்வாய்க்கிழமை மாலைகள்
இத்தனை வருடமாய் எனக்கு ஓய்வாகவே இருந்து பழகிவிட்டன."
அட்டை ஒட்டப்பட்டிருக்கிறது.
பசை காய்ந்து ஒரு மூலை தூக்கிக்கொண்டிருக்கிறது.

வாசித்து முடித்தபோது யாரும் பேசவில்லை.
பிறகு ஒத்திலியா, படுத்தபடியே,
நல்ல கெட்டிக்காரி அவள், என்றாள்.
பெர்னீஸ் சிரித்துவிட்டாள்.
இடுப்பு வலிக்குது என்று கத்திக்கொண்டே ஒத்திலியாவும்.
ஏன் சிரிக்கிறோமென்று கேட்டாள் கோர்டீலியா.

தீர்மானம்: கல்லறை நிலத்தில் மீதமுள்ள இரண்டு குழி
ஊருக்குப் பொது.
மேலங்கிகள் பள்ளி நாடகக் குழுவுக்கு.
உருண்டைப் பெட்டி என்னிடம்.
வெள்ளை இருபத்தி நான்கு, கறுப்பு மூன்று,
எண்ணிப் பார்த்தேன், குறையவில்லை.

சாசனத்தை உறையிலிட்டேன்.
எல்லோரும் எழுந்து நிற்க வேண்டிய இடத்தில்
நான்கு பேர் எழுந்தோம்.
ஒத்திலியா கட்டிலின் பிடியை இறுகப் பிடித்தாள்.

வரவேண்டியது: சடங்கின் நடுவில் சிரித்ததற்கு அபராதம்,
பெர்னீஸ் பத்து சென்ட், ஒத்திலியா பத்து சென்ட்.
வசூலாகவில்லை.