வாசிப்பவர் மட்டும்

கிளாக்ஸ்விக் துறைமுகத்துக்கு மேலே
மீன்வள ஆய்வகத்தின் இரண்டாம் மாடியில்
ஒன்பது ஆண்டுகள் நான் சாவிக்காரி.
சாவி என்று எதுவும் கிடையாது.
ஒரு திரை, ஓர் அட்டவணை,
இடப்பக்கம் ஆட்கள், வலப்பக்கம் கதவுகள்,
நடுவில் பொறுப்பு என்றொரு பத்தி.

ஆளுக்குக் கதவு திறக்காது.
பொறுப்புக்குத்தான் திறக்கும்.
மார்யுன் வந்திருக்கிறாள் என்றால்
இயந்திரம் எதுவும் திரும்பிப் பார்க்காது;
நிர்வாகி என்றால்
பதினோரு அலமாரிகளும் எழுந்து நிற்கும்.

காட் மீனின் காதுக்கல்லை அறுத்து
வளையம் எண்ணி வயது சொல்பவர்கள்
எழுதலாம், திருத்தலாம், அழிக்கக் கூடாது.
கோடைக்கு வரும் மாணவர்கள் படிக்கலாம்,
அதுவும் போன வருடத்து மீன்களை.
கணக்காளர் பேட்டுருக்கு டீசல் ரசீது போதும்,
மீனே தெரிய வேண்டாம்.
படகுகள் வலை வீசிய இடம் மட்டும்
தனிப் பெட்டகம்.
மனைவியிடம்கூட ஒரு கேப்டன் சொல்லாத எண்கள்,
சட்டம் கேட்பதால் எங்களிடம் சொல்பவை.

அதைத் திறக்க மூன்று பேர்.
மூவரில் ஒருத்தி நான்.
பெட்டகம் கெட்டுப்போனால்
சரிசெய்ய யாராவது வேண்டும் அல்லவா.
நல்ல காரணம்தான்.

அந்தப் பிப்ரவரியில் என் தம்பி ஹெக்னி
நான்கு பயணம் போய்
நான்கிலும் வெறும் பனிக்கட்டியோடு திரும்பினான்.
வங்கிக் கடிதத்தை என் சமையலறை மேசையில்
கவிழ்த்து வைத்துவிட்டுக் காபி குடித்தான்.
எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.
மறுப்பது எனக்குப் பழகிய வேலை.

இரவு இரண்டு பதினான்கு.
த்ரோண்டுரின் படகு, ஆறு பயணம், ஒரே திட்டு,
வடகிழக்கே, இருநூறு மீட்டர் ஆழம்.
வேலிக்கும் பசித்தது.
பார்த்தேன். மூடினேன்.
ஹெக்னியிடம் சொல்லவில்லை.
சொல்லவில்லை என்பதற்கு
எங்கும் ஒரு பதிவும் இல்லை.
பார்த்ததற்கு மட்டும் ஒரு வரி இருந்தது:
நாள், நேரம், பயனர், கோப்பு,
வாசித்தல், வெற்றி.

அந்த வரியை அழிக்கும் உரிமையும்
அன்று நிர்வாகிக்கே இருந்தது.
பூட்டும் என்னிடம், திறப்பும் என்னிடம்,
திறந்தவர் பெயர் எழுதும் நோட்டும் என்னிடம்.
தேன் எடுப்பவளே
புறங்கைக்கும் காவல்.
சுட்டியை வரிமேல் நிறுத்தி
தேநீர் ஆறி ஆடை படியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கோபன்ஹேகனிலிருந்து தணிக்கைக்குத் தோவே வந்தாள்,
காற்று ஒடித்த குடையோடு.
நானே காட்டினேன்.
அவள் என்னையும் பார்க்கவில்லை, வரியையும் பார்க்கவில்லை,
அட்டவணையைப் பார்த்தாள்.
இந்த இரண்டும் ஒரே ஆளிடமா, என்றாள்,
குழாய் ஒழுகுவதைக் காட்டுகிற குரலில்.
எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் கோப்பில் சேர்ந்தது.
அந்தக் கோப்பைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை.

வியாழன் மதியம்
புதிய பொறுப்புகளை நானே எழுதினேன்.
நோட்டு ரன்வாவுக்கு; அவளால் பெட்டகம் திறக்க முடியாது.
பெட்டகத்துக்கு இருவர் சம்மதம், நான்கு மணி நேரம்,
பிறகு தானே சாத்திக்கொள்ளும்.
கடைசியில் என் பெயர்.
உறுதியா, இதை நீங்களே திரும்பப் பெற முடியாது
என்று கேட்டது திரை.
நான் வைத்த வாசகம்தான்.
வேறு யாருக்கோ என்று நினைத்து
ஒரு மழைநாளில் எழுதியது.

அழுத்தினேன்.
என் பெயருக்கு நேரே இப்போது
வாசிப்பவர், மீன்களின் வயது மட்டும்.

வேலை என்றால் சோதித்துப் பார்க்க வேண்டும்.
பெட்டகத்தை ஒருமுறை தட்டினேன்.
அனுமதி இல்லை.
நன்றாகத்தான் கட்டியிருக்கிறேன்.
அடுத்த அறையில் ரன்வாவின் நோட்டில்
ஒரு வரி விழுந்திருக்கும்:
மார்யுன், வாசித்தல், தோல்வி.

ஜன்னலுக்குக் கீழே ஹெக்னி கயிறு அவிழ்க்கிறான்.
படகு வளைகுடாவைக் கடந்து மெல்லப் போகிறது.
முனை தாண்டியதும்
எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று
இங்கிருந்து தெரியாது.