காட்சி வகையில் சேர்த்தது

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றுதான்
மதிப்பீட்டாளர் ஸ்டோடர்ட் குறிப்பெடுத்தார்.
முகடு மூன்று. ஏரியில் ஒரு கீற்று.
மறைப்பில்லாத மேற்கு.
காட்சி வகையில் சேர்த்தது: அறுபத்து நாலாயிரம் டாலர்.
அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்தவன் நான்.
நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு சின்ன ஊருக்கு
இருபது வருஷமாக எழுத்தன்.
முத்திரை குத்தியதும் இந்தக் கைதான்.

ஹெஸ்டர் கோல்பர்ன் கழிவுத்தொட்டி லாரி ஓட்டுகிறவள்.
ஊரில் பாதி வீடுகளின் அடிவயிறு அவளுக்குத் தெரியும்.
நாலு ஏக்கருக்குக் கடைசித் தவணை கட்டிய அன்று
பத்திரத்தை லாரியின் முன்கண்ணாடியில் செருகி
ஒலிப்பான் அடித்துக்கொண்டே ஊரைச் சுற்றினாள்.

அப்போது அங்கே காட்சி கிடையாது.
வீட்டுக்குப் பின்னால் ஆஷ் மரங்கள், மதில் மாதிரி.
எங்கிருந்தோ கப்பலேறி ஒரு பச்சை வண்டு வந்தது.
மூன்று கோடையில்
முப்பத்தெட்டு மரமும் பட்டுப்போயின.
அவளே அறுத்தாள். அவளே இழுத்தாள்.
ஒரு விரல் நகம் அதோடு போயிற்று.
மரம் போனதற்குத் தள்ளுபடி கேட்டு மனுப்போட்டாள்,
விதியில்லை.
மரம் போனதால் தெரிந்த மலைக்கு
விதி இருந்தது.

பார்த்திருக்கிறேன் அந்த மலையை.
தூரத்தில் அது வெறும் ஒரு வரி,
நீலப் பென்சிலில் கை நடுங்க இழுத்தது.
அந்த வரிக்கு ஒரு வரி.

விசாரணை மார்ச்சில், சேறு முழங்காலுக்கு ஏறும் மாதம்.
போர்வை சுற்றிய எதையோ தோளில் சுமந்து வந்தாள்,
மேசைமேல் சாய்த்து, போர்வையை உருவினாள்:
ஜன்னல்.
சட்டத்தோடு, கொக்கியோடு,
கீழ் மூலையில் காய்ந்த சோப்புப் புள்ளிகளோடு.
"இதற்குள்தானே அறுபத்து நாலாயிரம்?
நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.
ஓட்டையில் பலகை அறைந்துவிட்டேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
தலைவர் ப்ரூஸ்டர் சிரிக்கவில்லை.
காட்சி நிலத்தைச் சேர்ந்தது, ஜன்னலை அல்ல என்றார்.
"அப்படியென்றால் மலை என்னுடையதா?
நாளைக்கே ஏறிக் கொட்டகை போடலாமா?"
மலை அரசாங்க வனம்.
"சரி. பார்ப்பது மட்டும் என் செலவு."
பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.
போன வருஷம் மூடுபனி நாட்கள் நூற்று நாற்பத்தொன்று,
தேதிவாரியாக.
"இவற்றைக் கழிப்பீர்களா?"

ப்ரூஸ்டரைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன்.
பனி வாரும் வண்டிக்குக் கியர்பெட்டி உடைந்திருந்தது,
பள்ளிக்கூடத்துக் கொதிகலன் என் வயது.
அவள் லாரி போகிற ரோட்டையும் யாரோ வழித்தாக வேண்டும்.
அதை அவரும் சொன்னார்.

"ரோட்டுக்குக் கேளுங்கள், தருகிறேன்.
பள்ளிக்கூடத்துக்குக் கேளுங்கள்,
எனக்குப் பிள்ளையில்லை, இருந்தாலும் தருகிறேன்.
தட்டு கழுவும்போது நிமிர்ந்ததற்குக் கேட்காதீர்கள்."

மூன்றுக்கு இரண்டு. மனு தள்ளுபடி.
அவளுக்கு இந்த ஊர் கொடுத்த ஒரே தள்ளுபடி.
கூடவே, அனுமதியில்லாமல் ஜன்னலைக் கழற்றியதற்கு
அபராதம் எழுபத்தைந்து.
நின்றபடியே காசோலை எழுதினாள்,
விவரம் என்ற இடத்தில்: மூடுபனி உட்பட.
போர்வையை மடித்து எடுத்துக்கொண்டாள்.
ஜன்னலை எடுக்கவில்லை.

கோப்பு அலமாரியில் சாய்ந்து நிற்கிறது இப்போதும்.
அதன் வழியே எனக்குத் தெரிவது
வண்டி நிறுத்துமிடம், சரளைக் குவியல்,
ப்ரூஸ்டரின் பிக்கப்பில் பாதி.
என் வீடு பள்ளத்தில் இருக்கிறது.
காட்சி வகையில் சுழியம்.
ரசீது வரும்போதெல்லாம்
அந்தச் சுழியத்தைப் பார்த்து நிம்மதியடைந்தவன்தான் நானும்.

போன வாரம் ப்ரூஸ்டர் சொன்னார்:
நாளுக்கு இரண்டு டாலர், வைப்புக் கட்டணம்,
அவளுக்கு ஒன்று அனுப்பிவிடு.
படிவத்தை எடுத்தேன்.
பெயர் எழுதினேன். முகவரி எழுதினேன்.
தொகை என்ற கட்டத்தின்மேல்
காபிக் கோப்பையை வைத்திருக்கிறேன்.