ஆறே முக்கால்

ஷிப்ட் பஸ் சுங்கை ஆரா சந்தியில்
என்னை உதிர்த்துவிட்டுப் போகும்போது மணி ஆறே முக்கால்.
பினாங்கில் அது இன்னும் இரவுதான்.
கழற்றாத காலுறையோடு பின்கட்டுக்குப் போய்
டார்ச் அடிக்கிறேன்.
ஏழு மீன்களும் நீரின் தோலில் வாய் வைத்துக்
காற்றைக் கடித்துக்கொண்டிருக்கின்றன.

"நல்லாத்தானே இருக்கு" என்கிறார் தவசீலன்.
சாயங்காலம் தீனி போட்டுவிட்டு
ஆதாரமாகப் படமும் அனுப்புகிறார்:
பாசிப்பயறு வேகவைத்த தண்ணீர்,
அதற்குள் ஓர் ஆரஞ்சு வால், சொகுசாக.

பழுது தேடுவது எனக்குச் சம்பளம்.
லென்சுக்குக் கீழே விரல்நகச் சில்லுகள்,
எந்த நேரம், எந்த மெஷின், யார் கை,
எழுதாமல் விட்டது நடக்காதது.
மகன் பாதியில் விட்ட கணக்கு நோட்டில்
குளத்துக்கு ஒரு பக்கம் திறந்தேன்.

திங்கள். பம்ப் ஓடுகிறது. பஞ்சைப் பிழிந்தேன், கை முழுக்கப் பச்சை.
புதன். அம்மோனியா சோதனை. குப்பியில் மஞ்சள்.
மஞ்சள் என்றால் குற்றமில்லை.
வியாழன். முதுகில் கறுப்புத் தீவு உள்ளவள்
கல்லில் விலாவை உரசுகிறாள். உப்பு, இரண்டு கைப்பிடி.
வெள்ளி. குழாய்த் தண்ணீரை ஆறவிடாமல் திறந்தது யார்?
(பதில் இல்லை. வீட்டில் இருவர் தூங்குகிறார்கள்.)

ரெலாவில் மீன் கடை அங்கிள் கூன்
நான் நீட்டிய நோட்டை ஒரு வரி விடாமல் படித்தார்.
நீல மருந்தை எடுத்த என் கையைத் தட்டிவிட்டு
உடைந்த தமிழில் கேட்டார்:
"எல்லாம் இருட்டுல எழுதிருக்கே. வெயில் எங்க விழுது?"

வெயிலா.
திரையிழுத்த அறையில்
மின்விசிறிக்குக் கீழே மல்லாந்திருக்கும் எனக்கு
வெயில் ஒரு கேள்விப்பட்ட சொந்தம்.

அந்தச் சனிக்கிழமை தூங்கவில்லை.
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தேன்.
பதினொன்றுக்கு வந்தது,
சுவரேறி, துணிக்கொடி தாண்டி, நேராகக் குளத்துக்குள்,
கேட்பாரில்லாமல்.
அங்கே தியோ வீட்டு மாமரம் இருந்ததல்லவா?
சமையலறையை நீட்டிக் கட்ட
சீனப் பெருநாளுக்கு முன்பே அறுத்துவிட்டார்களாம்.
அறுத்த சத்தம் எனக்கும் கேட்டிருக்கிறது.
கனவில் அதை மூன்றாம் நம்பர் மெஷின் என்று நினைத்து
எழுதிக்கொள்ளப் பேனா தேடினேன்.

மதியத்தில் பாசி நூல்நூலாக நுரை கோக்கிறது.
மீன்கள் அதனூடே சோம்பித் திரிகின்றன.
தவசீலன் பொய் சொல்லவில்லை.
இருட்டிய பிறகு அதே பாசிக்கும் மூச்சு வேண்டும்;
விடிவதற்குள் குளத்தையே குடித்துவைக்கிறது.
நானும் பொய் சொல்லவில்லை.
ஒரே குளத்தைத்தான் பார்த்தோம்,
பத்து மணிநேர இடைவெளியில்.

கக்கூஸ் பிரஷ்ஷை விட்டுச் சுழற்றினால்
பாசி இடியாப்பமாகச் சுற்றிக்கொண்டு வருகிறது.
ஆர்க்கிட் வலை, கறுப்பு, நாலு மீட்டர்.
அவர் ஏணியில், நான் அடியில்,
வாயில் ஆணிகளோடு அவர் ஏதோ கேட்டார், எனக்குப் புரியவில்லை.
"என்ன?" என்றேன்.
அந்த வாரத்தில் நேருக்கு நேர் கேட்ட முதல் கேள்வி.
தீனி இனி ஒரு வேளை. காற்றுக்குழாய், நள்ளிரவிலிருந்து.

மூன்று மணிக்குத் தேநீர் இடைவேளை. லாக்கரில் போன் ஒளிர்கிறது.
படம்: முழுக் கறுப்பு, நடுவில் கொஞ்சம் குமிழி.
கீழே: "முழிப்பு வந்துச்சு. அதான்."
பெரிதாக்கிப் பார்த்தேன். மீன் ஒன்றும் தெரியவில்லை.
அழிக்கவில்லை.

இன்று, ஆறே முக்கால்.
பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு விமானம் தலைக்குமேல் ஏறிப் போகிறது.
ஐந்து கீழே, இரண்டு மேலே.
கறுப்புத் தீவுக்காரி இன்னும் கல்லில் உரசுகிறாள்.
காரணம் என்ற கட்டத்தில்
கேள்விக்குறி போட்டு
நோட்டை ஜன்னல் விளிம்பில் திறந்தே வைத்தேன்,
பேனாவையும்.