ஆறாவது உறை

வியாழக்கிழமை தணிக்கை.
புதன் மாலை எண்ணிப் பார்க்கிறேன்.
பதிவேட்டில் ஆறு உறை.
பெரட்டுக்கு வந்து நிற்பவை ஐந்து.

மைனஸ் எண்பதில்
கையுறைக்குள்ளும் விரல் சுடும்.
மறுபடி எண்ணினேன்.
ஐந்துதான்.

உள்ளே இருப்பது பனிக்குடச் சவ்வு.
வயிறு திறந்து பிள்ளையை எடுத்த பின்
வாளியோடு போக வேண்டியது.
தாய் கையெழுத்திட்டால்
கழுவி, நறுக்கி, தாளில் விரித்து வைப்போம்.
வெந்துபோன கண்மேல் போர்த்தினால்
கண் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வரை
ஒரு கூரை.
பனிக்குடத்தைப் பனிக்குள் பூட்டுவதற்கு
அரசாங்கம் சம்பளம் தருகிறது என்றால்
என் வீட்டில் இன்னும் நம்பவில்லை.

மஞ்சள் ஒட்டுத்தாள் என்றால் பொறு.
ஆறு மாதம் கழித்து
தாயின் இரத்தம் இரண்டாம் முறையும் தேறினால்தான்
பச்சை.
இந்த ஆறும் மஞ்சள்.

சிஸ்டர் நோர்லைலா யோசித்தார்.
"தீபாவளி ராத்திரி.
மருந்தடிக்கிற பையன், லொம்போக்காரன்.
முதுகுத் தோம்பில் குழாய் வெடித்து
களைக்கொல்லி முகமெல்லாம்.
டாக்டர் கத்தினார், நான் எடுத்தேன்.
மஞ்சளா பச்சையா,
அந்தக் கண்ணைப் பார்த்திருந்தால்
நீயும் பார்த்திருக்க மாட்டாய்."

இரவு பதினோரு மணிக்குக் கிடைத்தது.
பஞ்சு எண்ணிய தாளின் பின்புறம்
கோணலாக ஒட்டிய மஞ்சள்:
0417, ஆறு.
பெற்றவர் ஜுமாடி.
கடப்பிதழ் எண்.
மூன்றாம் டிவிஷன் கொங்சி.

ஒரு முனை கையில்.
மறுமுனைக்குப் பக்கத்தைத் திருப்பினேன்.
கொடுத்தவர் யோகவதி.
ஐசி எண் கேட்ட கட்டத்தில்
ஒரு கோடு.
கோட்டின்மேல் பென்சிலில் யாரோ:
விண்ணப்பத்தில் உள்ளது.

தணிக்கைக்கு வந்தவர் கத்தவில்லை.
"விலகல் என்று எழுதுங்கள்.
அந்தம்மாவின் இரத்தத்தைக் கண்டுபிடியுங்கள்."

சனிக்கிழமை கப்சாயில் போனேன்.
சுங்கை மெரந்தியில் முகவரி கேட்டால்
செம்பனை ஆலையின் வாடையைக் காட்டுவார்கள்:
இன்னும் கொஞ்சம் நாறும்,
அங்கே இடதுபக்கம் திரும்பு.
மலிவு வீடமைப்பு, நான்காம் மாடி.
பழுதான மின்தூக்கிக்குள்
யாரோ சைக்கிளைப் பூட்டியிருந்தார்கள்.

யோகவதி கையை நீட்டினாள்.
நரம்பு உடனே கிடைத்தது.
இடுப்பிலிருந்த பிள்ளை
குழாயில் ஏறும் சிவப்பையே பார்த்தான்.

"நான் குடுத்ததுக்கு நம்பர் இருக்கா?"

இருக்கிறது. ஒன்றிலிருந்து ஆறு வரை.

"எங்க இருக்குன்னு தெரியுமா?"

எந்தத் தட்டு, எத்தனை டிகிரி,
யார் கதவைத் திறந்தார், எத்தனை மணிக்கு.
ஒன்று எங்கே என்று மூன்று நாளைக்கு முன்தான் தெரியும்.
அதை நான் சொல்லவில்லை.

"எத்தன வருஷம் எழுதி வைப்பீங்க?"

முப்பது.

அவள் அலமாரியிலிருந்து
பாசார் மாலாம் பை ஒன்றை எடுத்தாள்.
உள்ளே பிள்ளையின் சூராட்.
குடியுரிமை கேட்ட இடத்தில்
புக்கான் வார்கநெகாரா.
இந்த நாட்டவன் அல்லன்.

"இவன் சுத்திக்கிட்டு வந்த தோலு
உங்க கணக்குல இருக்கு.
இவன் யாரு கணக்குல இருக்கான்?"

பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.
குழாயில் பெயர், தேதி, நேரம் எழுதினேன்.
எண் கேட்ட இடத்தில்
நானும் ஒரு கோடு போட்டேன்.

பதினோராம் நாள் முடிவு வந்தது.
சுத்தம்.
கொங்சிக்குத் தொலைபேசினேன்.
ஜுமாடிக்குத் தெரிகிறதாம்,
வெயிலில் மட்டும் நீர் வடிகிறதாம்.
மார்ச்சில் பெர்மிட் முடிகிறது,
அதற்குப் பிறகு எந்த எண்ணில் கூப்பிடுவது
என்று கேட்டேன்.
சிரித்தான்.

அச்சு இயந்திரம் துப்பிய பச்சை ஆறு.
ஐந்தை ஐந்தின்மேல் ஒட்டினேன்.
ஆறாவது
ஆள்காட்டி விரலில் நின்றது.

மிஞ்சும் ஒட்டுத்தாளைக் கிழித்துவிட வேண்டும்,
கிழித்ததையும் எழுத வேண்டும் என்பது விதி.

கிழித்தேன்.
எழுதினேன்.