அறுபத்துமூவர் உலா

காலை எட்டரை முதல் ஒன்பதேகால் வரை
காரைக்குடியில் எங்கள் கல்லூரி வாசலில் நின்று
உள்ளே வரும் கார்களை எண்ண வேண்டும்.
என்.எஸ்.எஸ். வேலை. வருகைப்பதிவு உண்டு, வடையும் உண்டு.

முதல் கோடு,
என்னை இறக்கிவிட்டுத் திரும்பிய வெள்ளைக் கார்.
பேனாவை எடுத்தேன், வைத்தேன்.
இன்னும் எட்டரை ஆகவில்லையே என்றேன்.
கூட நின்ற ரிஸ்வானா
மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள்.
போட்டேன்.

ஐந்துக்கொரு குறுக்குக்கோடு போட்டு
மொத்தம் அறுபத்துமூன்று.
இறங்கிய மாணவர்கள் எழுபத்தோரு பேர்.
இடையில் ஒரே ஒரு டவுன் பஸ்
எண்பது பேரை உதிர்த்துவிட்டுப் போனது.
அதை எழுத
தாளில் கட்டம் இல்லை.

அறுபத்துமூவர் உலாடி என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
"அது வருசத்துல ஒருநாள்.
அன்னிக்கும் சாமியத் தூக்கிக்கிட்டு
மனுசங்கதான் நடப்பாங்க."

கோட்டையூரிலிருந்து கல்லூரிக்கு எவ்வளவு தூரம்?
மூன்று வருடமாக என்னிடம் இருந்த பதில்:
அப்பா காரில் இரண்டரைப் பாட்டு.
ஏ.சி. குளிரில், கறுப்புத்தாள் ஒட்டிய கண்ணாடிக்குள்
மூன்றாவது பாட்டின் சரணத்தை
நான் கேட்டதே இல்லை.

பிளஸ் ஒன்னில் கொடுத்த சைக்கிள்
சீட்டின் பாலிதீன் உறை கிழியாமல் நின்றது.
காற்றடித்தேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன்,
பாதி எண்ணெய் சுடிதாருக்கு.
இப்போது அளந்து சொல்கிறேன்:
ஒரு மேடு, நான்கு டீக்கடை,
என்னைப் பிடிக்காத ஒரு நாய்,
பிறகு ஆடிக்காற்று.
போகும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தியது;
சாயங்காலம் அதே கை
முதுகில் இருந்தது.

முதல் நாள் பதினோரு நிமிடம் தாமதம்.
கெமிஸ்ட்ரி மேடம் என் முகத்தைப் பார்த்து
தண்ணீர் பாட்டிலைத்தான் நீட்டினார்.
மறுநாள் ஆறு நிமிடம்.
அதற்கடுத்த நாள்
மேடத்துக்கு முன்னால் நான்.

உபதேசம் இல்லை இது, நண்பர்களே.
மழை பெய்தால் நானும் பஸ்தான்.
ஏழு ஐம்பது பஸ்ஸில் கால்வைக்க இடமிருக்காது,
எட்டு ஐந்துக்கு உட்கார்ந்தே வரலாம்;
இது ரிஸ்வானா எனக்கு விற்காமல் கொடுத்த ரகசியம்.
ஆய்வகம் முடிய ஆறாகிவிட்டால்
புதுவயல் ரோட்டுக்குப் பிரியும் வரை
நாலு பேர் சேர்ந்தே மிதிக்கிறோம்,
நாலு விளக்கு, இரண்டு மணி,
ஒரு பொரிகடலைப் பொட்டலம்.
வீட்டில் பயப்படத்தான் செய்கிறார்கள்.
பிரியும் இடத்தில் போன் அடிக்கிறோம்.

அடைக்கப்பனைச் சொல்ல வேண்டும்.
ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல்,
மோட்டார் போட மட்டும் தினம் ஆறுமுறை
அந்த வீட்டைக் குறுக்கே கடப்பவன்;
கல்லூரிக்கு முக்கால் கிலோமீட்டர்,
அதற்குக் கார்.
"வெயிலு" என்கிறான்.
கார் நிழலுக்கு இடம்தேடி
மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றுகிறான், அதே வெயிலில்.

அடுத்த வியாழன் மறுபடி எண்ணினோம்.
இந்தமுறை பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும்
ரிஸ்வானா ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தாள்.
கார்கள் அறுபத்தொன்று.

இரண்டு குறைவு.
ஒன்று நான்.
இன்னொன்று யார்?

காய்ச்சலில் படுத்தவனாக இருக்கலாம்.
ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் காராக இருக்கலாம்.
இருந்தாலும் சைக்கிள் ஸ்டாண்டில்
என் வண்டிக்குப் பக்கத்தில்
ஓரடி விட்டே நிறுத்துகிறேன்.